தினமும் வீட்டில்

ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புச் சுரங்கத்தில் பல வருஷமாக ராட்சத லாரி ஓட்டியவள் லியான். இரண்டு வாரம் சுரங்கத்தில் வேலை, ஒரு வாரம் பெர்த்தில் கணவன் கிராண்ட்டோடு. அன்று காலை அவளுடைய லாரி, ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாமல் பள்ளத்திலிருந்து தானாக ஏறி வந்தது. அவள் மேலாளரிடம் ஓடிப்போய் என்ன இது என்று கேட்டாள்.

"இனிமே லாரியெல்லாம் தானா ஓடும். நீ பெர்த் ஆபீஸ்ல உக்காந்து திரையில பாத்துக்கிட்டா போதும்," என்றார் மேலாளர்.

தினமும் வீட்டுக்குப் போகலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். விமானம் இறங்கியதும் நேராகப் போய்க் கிராண்ட்டிடம் சொன்னாள்.

அவன் முகம் வெளுத்தது. "தினமுமா?"

"ஏன்டா, சந்தோஷமில்லையா?"

"நீ வந்துட்டு வந்துட்டுப் போறதாலதான் இத்தன நாள் சண்டையில்லாம ஓடுச்சு லியான். உன்கூட தினமும் எப்படி இருக்கறதுன்னே எனக்குத் தெரியல."

ஆளில்லாத லாரியைப் பார்த்தபோதுகூட அவள் இப்படி உறைந்து நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அவளுக்கும்தான் தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில என்ன சாப்பிடுவ?" என்று மெல்லக் கேட்டாள்.

"வெஜிமைட் தடவின ரொட்டி. சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது."

சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. ஆனாலும் பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.