நனைக்கண்டா

புருஷனும் இரண்டு மகன்களுமாக மூன்று ஆம்பிளைகள் இருக்கிற ஒற்றை அறை வீட்டில் ஒருத்தி சேலை மாற்ற எங்கே போவாள்? அடுப்படிக்குத்தான். இருபத்திரண்டு வருடமாக நான் அப்படித்தான் போனேன். என் வீட்டுக்காரர் சுவக்கீன் கொத்தனார். கேரளத்துப் பீர்மேட்டைச் சுற்றி அவர் கட்டாத சுவர் இல்லை. "எனக்கும் ஒரு சுவரு வச்சு, ஒரு கதவு போட்டுத் தாங்களேன்" என்று கேட்டால் மட்டும், "அடுத்த மாசம் பாப்போம்ட்டி" என்பார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

கடைசியில் நானே பலகை வேலை செய்கிற ஜிஜோவைக் கூப்பிட்டு, இருந்த ஒரே ஹாலை மறித்து ஜிப்சம் பலகைச் சுவர் வைத்தேன். கதவு, தாழ்ப்பாள் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. மூன்று வாரம் ராணி மாதிரி இருந்தேன். பிறகு இந்த மனுஷன் அதில் மாதா படம் மாட்டுகிறேன் என்று ஆணியை வைத்து, செங்கல் சுவரை அடிக்கிற அடி அடித்தார். தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை! ஹாலில் நின்றால் என் கட்டில் தெரிந்தது. எனக்கு மறுபடியும் அடுப்படிதான்.

திங்கட்கிழமை ஜிஜோ வந்தான். மலையாளிதான், ஆனால் எங்களிடம் தமிழில்தான் பேசுவான். ஓட்டையைச் சதுரமாக வெட்டி, புதுத் துண்டு வைத்து ஸ்குரூ முடுக்கி, விளிம்பில் டேப் ஒட்டி, புட்டி பூசினான். "நல்லாக் காயட்டும் சேச்சி. வெள்ளிக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பெயின்ட் அடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

காய்ந்தால்தானே! செவ்வாய் ஈரம், புதனும் ஈரம். மழைக்காலம், மூட்டம் வேறு, அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தேயிலை ஃபாக்டரிக்குப் போய் வந்தேன். வியாழன் சாயங்காலம் ஒட்டுப் போட்ட இடத்தைத் தொட்டேன். விரல் உள்ளே போய்விட்டது. டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி பலகை முழுதும் பொதபொதவென்று வயிறு தள்ளி நின்றது. அடியில் ஒரு வாளி, ஒரு மக்.

"எவன் தண்ணி ஊத்துனது?" என்று கத்தினேன்.

"நான்தான்" என்றார் இவர். மழையால் வேலையில்லாமல் வாரம் முழுக்க வீட்டிலேயே இருந்தவர். "காலையில, மத்தியானம், சாயங்காலம். ஒரு நேரம் விடல பாத்துக்கோ."

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? இது என்ன சிமென்ட் பூச்சா?"

"அவன்தாம்ட்டி சொன்னான்! செவ்வாக்கிழமை போன் போட்டு 'நனைக்கணும்டா'ன்னான். எனக்கே சொல்லித் தாரான்! அதுலயும் வயசுக்கு ஒரு மரியாதை இல்லாம 'டா' போடுதான். உன் சுவராச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்."

உடனே ஜிஜோவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைக் கேட்டவன் அழாத குறை. "ஐயோ சேச்சி! கொத்தனாராச்சே, பழக்கதோஷத்துல தண்ணி ஊத்திருவாரோன்னு பயந்துதான் விளிச்சேன். அந்த அவசரத்துல மலையாளம் வந்திருச்சு. 'நனைக்கண்டா'ன்னுதான் சொன்னேன். நனைக்க வேண்டாம்னு!"

தகரக் கூரையில் மழை கொட்டும்போது கேட்ட காது. இவர் முகம் சுண்டிப் போனது. "உறுதியா நிக்கணுமேன்னுதான்..." என்று இழுத்தார்.

வந்ததே எனக்கு ஆத்திரம்! "ஊரான் வீட்டுச் சுவரெல்லாம் உறுதியாத்தான் நிக்கி. எனக்கு ஒண்ணு கட்ட உங்களுக்குக் கை வரல. நானா வச்சதையும் ஓட்டை போட்டு, ஊற வச்சுக் கெடுத்துட்டீங்க. நான் எங்க போயி சேலை மாத்த, சொல்லுங்க!" சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது ஊறிய பலகையெல்லாம் முற்றத்தில் கிடந்தது. ஹாலில் செங்கல், மணல், சிமென்ட். முட்டளவுக்குச் சுவர் எழும்பியிருந்தது. இவர் குனிந்த தலை நிமிராமல் கட்டிக்கொண்டிருந்தார்.

கட்டிப் பூசி, கதவையும் மாட்டி முடித்த அன்று, வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நனைக்கட்டுமா?"

"இங்க தாங்க" என்று பிடுங்கிக்கொண்டேன். "இதை நான் நனைக்கேன்."

ஏழு நாள் நானே நனைத்தேன். எட்டாம் நாள் உள்ளே போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, நின்று நிதானமாகச் சேலை மாற்றினேன். பிறகு அதை அவிழ்த்துவிட்டு இன்னொன்று கட்டினேன்.