தூளை எண்ணிய கப்பல்

...எடை போடுவதற்கு எதற்கு இரண்டு மணி நேரம், போன மார்ச்சிலும் இதே வரிசை, இதே தகரக் கூரை, இதே அட்டை, நாற்பத்தொன்று என்று எழுதியதை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், படம் எடுப்பார்கள், பிறகு ரத்தம், பிறகு கழுத்து. லிஜாபேக்கும் வயது நாற்பத்தொன்று ஆகிவிட்டது, இந்த ஒரு வருடம் மட்டும் எண்ணும் வயதும் ஒத்துப்போகிறது, இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்களா? முன்னால் நின்ற பில்மா திரும்பி, "நான் வளர்க்கிற பன்னியையும்தான் மாசாமாசம் எடை போடுறேன், ஆனா அதுக்குத் தின்ன ஏதாவது போடுறேன்டி" என்றாள், வரிசையே சிரித்தது, லிஜாபேயும் சிரித்தாள், சிரிக்கும்போது கழுத்தில் கட்டி அறுத்த தழும்பு இழுத்தது. பத்தொன்பது வயதில், வெள்ளைக்கார ராணுவம் தூரத்துத் தீவில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த அன்று, வானத்திலிருந்து அந்தத் தூள் விழுந்தது, சோப்புப் பொடி மாதிரி, ஈரத் தலைமுடியில் அப்படியே ஒட்டிக்கொண்டது, அன்று சமைத்த மீனின் மேலும் விழுந்தது, ஊதிவிட்டுத் தின்றார்கள். தம்பி ஜோர்லனுக்கு அப்போது பன்னிரண்டு, தூளைக் கையில் அள்ளி அவள் முதுகில் போட்டுவிட்டு ஓடினான். அவன்தான் இப்போது உள்ளே மேசைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான், பதினோரு வருடமாக, மார்ச்தோறும் கப்பலில் வரும் வெள்ளைக்கார டாக்டருக்கு மொழிபெயர்ப்பாளன், ஊரில் எல்லாருக்கும் பெருமை, அவளுக்கு மட்டும் அவன் முகத்தைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

ஏன் எரியாது? டாக்டர் ஒவ்வொரு வருடமும் நீளமாக எதையோ கேட்பார், ஜோர்லன் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, ராத்திரி நல்லா தூக்கம் வருதா?" என்பான், வருது என்பாள், அவன் தாளைத் தன் பக்கம் திருப்பி எதையோ எழுதுவான். அவ்வளவு நீளக் கேள்விக்கு இவ்வளவுதானா அர்த்தம் என்று முதலில் தோன்றவில்லை. பிறகு ராணுவத் தீவின் சலவைக் கூடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தாள், ஆங்கிலம் காதில் ஏறியது, திரும்பி வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்த அன்றுதான் கேள்வி விளங்கியது. கர்ப்பம் எத்தனை கலைந்தது? அதை ஒரு தம்பி அக்காவிடம் கேட்க முடியாது, இந்தத் தீவில் எந்தத் தம்பியும் கேட்க மாட்டான், கேட்டால் அவள் எழுந்து போயிருக்க வேண்டும், அது அவளுக்கும் தெரியும். ஆனால் கேட்காமலே எதை எழுதினான்? ஒன்றுமில்லை என்றுதானே எழுதியிருப்பான். அதனால்தானே டாக்டர் ஒவ்வொரு முறையும் தலையாட்டி, நன்றாக இருக்கிறாய் என்று மாத்திரைப் புட்டியை நீட்டுகிறார், வலி என்றாலும் அதே புட்டி, மயக்கம் என்றாலும் அதே புட்டி... மூன்று பிள்ளைகள், ஒன்றுக்கு முகம்கூட இருந்தது, அவனுடைய கூச்சத்தால் மூன்றும் தாளில் ஏறாமலே போயினவா? தாளில் இருந்திருந்தால் யாராவது ஏதாவது செய்திருப்பார்களே. செய்திருப்பார்கள்தானே?

"நாப்பத்தொண்ணு!" நாற்காலி சூடாக இருந்தது, பில்மாவின் சூடு. டாக்டரின் விரல்கள் கழுத்தை அழுத்தின, விழுங்கு என்று சைகை காட்டினார், விழுங்கினாள். கேள்வி வந்தது. ஜோர்லன் குனிந்தான். "அக்கா, ராத்திரி..." அவனை முடிக்க விடவில்லை, டாக்டரின் முகத்தை நேராகப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள், "நாலு." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது, காது சுட்டது. டாக்டர் கோப்பைப் புரட்டினார். ஒரு தாள், இன்னொரு தாள், பழுப்பேறிய இன்னொரு தாள், திருப்பி அவளுக்கே காட்டினார், ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரே கட்டத்தில் தம்பியின் சாய்ந்த கையெழுத்து. மூன்று. மூன்று. மூன்று.

அவன் பெண்டாட்டி சொல்லியிருப்பாள், வேறு யார் சொல்வார்கள், அவன் மறைக்கவில்லை, ஒரு வருடம்கூட மறைக்கவில்லை. அப்படியென்றால் இவர்களுக்குத் தெரியும். பதினோரு வருடமும் தெரிந்துகொண்டேதான் கழுத்தைத் தடவி நன்றாக இருக்கிறாய் என்றார்கள். "மூன்றுதானே இருக்கிறது? நான்காவது எப்போது?" டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார், முகத்தில் ஒரு சுறுசுறுப்பு, இத்தனை வருடத்தில் அவளைப் பார்த்து அந்த முகம் இப்படி மலர்ந்ததில்லை. நான்காவது சலவைக் கூடத்தின் பின்னறையில் போயிற்று, அந்தத் துணியை அவளே துவைத்தாள், மற்றத் துணிகளோடு மடித்தும் வைத்தாள், புருஷனுக்குக்கூடத் தெரியாது. அதை இந்தப் பேனாவுக்கா கொடுக்க வந்தோம்? "அக்கா," ஜோர்லன் தரையைப் பார்த்தபடியே கேட்டான், "அது... எந்த வருஷம்னு கேக்குறாரு." பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டேவிட்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது, அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, ஆனால் அது யார் மேல் போய் விழ வேண்டும் என்று தெரியாமல் நின்றது. "எழுத வேணாம்னு சொல்லு," என்றாள் தங்கள் மொழியில், "இவருக்குச் சொல்றதுக்கில்ல அது."

என்ன சொன்னாள் என்று டாக்டர் கேட்டார். ஜோர்லன் நிதானமான ஆங்கிலத்தில், "அக்காவுக்கு ஆங்கிலம் சரியாக வராது, எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டாள், மூன்றுதான்" என்றான். ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது. இத்தனை காலம் எந்தப் பொய்க்காக அவனை வெறுத்தாளோ அந்தப் பொய்யை இன்றுதான் சொல்கிறான், அவள் கேட்டதாலேயே சொல்கிறான். டாக்டர் பேனாவை மூடினார். தம்பி மூன்று என்று எழுதினான். நன்றி சொல்ல வேண்டுமா, பளாரென்று ஓர் அறை விட வேண்டுமா என்று தெரியவில்லை, மாத்திரைப் புட்டி கைக்கு வந்துவிட்டது, பின்னாலிருந்து நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டார்கள்.