நிலப்பனைத் தூள்

கலகெதரவிலிருந்து வந்த பெண் வீட்டாருக்கு முன்னால் வைத்தே, றம்லத் மாமி தன் மருமகள் ஜஹானாவின் கையில் பால் கோப்பையைத் திணித்தாள். பாலில் சாத்தாவாரிக் கிழங்குத் தூள் கலங்கிக் கிடந்தது.

“குடிங்க மகள். ஒடம்புக்குத் தெம்பு வரும், ஹோமோன் சீராகும்,” என்றவள் வந்தவர்களிடம் திரும்பினாள். “நாங்களும் பாக்காத மருந்தில்ல. இவக்கிப் புள்ள தங்கல்ல. அதுதான் மகனுக்கு ரெண்டாந்தாரமா ஒரு பொம்புளப் புள்ளய எடுக்கப் பாக்கிறோம்.”

தெரு முழுக்கத் தெரிந்த மருந்து அது. கல்யாண வீட்டிலும் மய்யித்து வீட்டிலும் மாமிக்கு அதே பேச்சுத்தான். மலடி என்ற சொல்லை வாயால் சொல்லாமலே மருமகளின் நெற்றியில் ஒட்டிவிட்ட கெட்டிக்காரி.

போன கிழமைதான் ஜஹானா முதன்முதலாகத் தானே கட்டுகஸ்தோட்டை நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்கார முஹைதீன் நானா தூளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெள்ளந்தியாகக் கேட்டார்.

“மாப்புளக்கி எடுக்கிற நிலப்பனத் தூள் வாணாமா? மாமி வந்தா ரெண்டையும் சேத்துத்தானே எடுப்பாங்க. புள்ள இல்லாத ஆம்புளையளுக்கு நல்ல மருந்து.”

வீட்டுக்கு வந்து கேட்டதும் புருஷன் ஷப்ராஸ் அழுதான். குறை அவனிடம்தான் என்று பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர் எப்போதோ சொல்லிவிட்டாராம். உம்மாவுக்கும் தெரியுமாம். வெளியே தெரிந்தால் தலைகாட்ட முடியாதாம். பாவப்பட்டு ஜஹானாவும் வாயைப் பூட்டிக்கொண்டாள். அந்த இரக்கத்துக்குக் கிடைத்த கூலிதான் இன்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஷப்ராஸ் கதிரையில் தலைகுனிந்திருந்தான். ஒரு வார்த்தையாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஜஹானா கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பெண்ணின் தாயிடம் சொன்னாள்.

“ராத்தா, கொற எனக்கில்ல, அவருக்கு. தாய்க்கும் மகனுக்கும் தெரியும். அவர்ட மருந்த அவர் ஒளிச்சிக் குடிக்கிறார். நான் நாலு பேருக்கு முன்னால குடிக்கிறேன். நாளைக்கி ஒங்கட மகளுக்கும் இதத்தான் தருவாங்க.”

பெண்ணின் தாய் நிதானமாக முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“நல்லவேள, இப்பவே தெரிஞ்சிச்சி,” என்றாள் மாமியிடம். “புருஷன்ட மானத்த இப்பிடி வாங்குற பொம்புள ஈக்கிற வூட்டுக்கு எப்பிடிப் புள்ள தார?”

அன்றோடு தெருவில் மலடி என்ற பேர் போய், புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேர் வந்தது. ஜஹானா அதை மறுக்கப் போகவில்லை. இந்தப் பேராவது அவள் செய்ததற்கு வந்தது.