மிதிக்கு ஒரு சத்தம்

டிக், வலது பெடல் கீழே இறங்கும்போது ஒன்று, சுற்றி வந்து மறுபடி இறங்கும்போது இன்னொன்று, நின்று தொலையேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறேன், வாய்க்கால் கரை ரோட்டில் காலை வெயில் சுள்ளென்று ஏறுகிறது, பின்னால் கேரியரில் ஏழு மாத வயிற்றோடு கஸ்தூரி ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள், நேற்றுதான் அவளுக்கு வளைகாப்பு, இன்றைக்கு என்னவோ எழுந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்சம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள், ஒன்பதரை பஸ் வரைக்கும் பொறுக்கக்கூடாதா என்றேன், சைக்கிள்லயே போயிரலாங்க, மெதுவா மிதிங்க, இந்த சைக்கிளில் அவளை ஏற்றி இரண்டு வருஷமாகிறது, இனி ஏற்றவே கூடாது என்றுதான் இருந்தேன்.

மணியின் மூடியாக இருக்கலாம், விரலால் அமுக்கிப் பிடித்தேன், டிக், மட்கார்டு என்றால் பள்ளத்தில்தான் ஆடும், இது சமதளத்திலும் வருகிறது, டயரில் கல் குத்தியிருந்தால் மிதிக்காமல் போனாலும் கேட்க வேண்டுமே, மிதிப்பதை நிறுத்திப் பார்த்தேன், சத்தமும் நின்றது, சக்கரம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது, மறுபடி மிதித்தேன், டிக், மெதுவாக மிதித்தால் மெதுவாக, வேகமாக மிதித்தால் வேகமாக, அப்படியானால் அதுவேதான், பெடல் கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற சுண்டுவிரல் நீள ஆணி, காட்டர் பின், அது தளர்ந்தால் இப்படித்தான் முதலில் சொல்லும், அன்றைக்கும் சொன்னது.

அன்றைக்கும் இதே வளைவு, இதே வெயில், அவளுக்கு ஐந்தாம் மாதம், என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வருகிறாள், என்னங்க ஏதோ சத்தம் வருதே, அது கெடக்கு, சாயங்காலம் கடையில விட்டுப் பாத்துக்கலாம், நான்தான் சொன்னேன், இந்த வாய்தான், அடுத்த மிதியில் கட்டை நழுவியது, விழுந்ததால இல்லப்பா, அது தங்குற புள்ளையே இல்ல என்று டாக்டரம்மா எத்தனையோ முறை சொன்னார், நான் நம்பவில்லை, கனவில் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறேன், கையை நீட்டினால் அவள் சேலைத் தலைப்பு மட்டும் கையோடு வருகிறது, இது ரோடா கனவா என்று ஒரு நொடி தெரியவில்லை, டிக், அவளிடம் சொல்லிவிடலாமா, சொன்னால் பயந்துவிடுவாள், அவளும் ஏனோ இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

பாலத்து ஏற்றம் வந்தது, நல்ல சாக்கு, எறங்கு கஸ்தூரி, ஏத்தமா இருக்கு, தள்ளிக்கிட்டே போயிரலாம் என்றேன், அவள் இறங்கி சீட்டைப் பிடித்தபடி கூடவே நடந்தாள், நான் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினேன், பெடல் சும்மா தொங்கிக்கொண்டு வந்தது, டிக், சைக்கிளை நிறுத்தினேன், சக்கரம் நின்றது, எல்லாமே நின்றது, டிக்.

திரும்பினேன், அவள் கை சீட்டின் ஸ்பிரிங்மேல் இருந்தது, முழங்கை வரைக்கும் நேற்றைய கண்ணாடி வளையல்கள், மணிக்கட்டை லேசாகத் தூக்கி அந்தக் கம்பியில் தட்டுகிறாள், இரண்டு வருஷமாக இரும்பை மட்டுமே கேட்டுப் பழகிய என் காதுக்கு அது வளையல் என்று தெரியவில்லை, என்ன பண்ற என்றேன், அவள் கண் நிறைந்திருந்தது, நேத்து எல்லாரும் சொன்னாங்கல்ல, வளையல் சத்தம் புள்ளைக்குக் கேக்கும்னு, அதான், நீங்க மிதிக்கிற மிதிக்கு ஒண்ணா தட்டிட்டே வர்றேன், விடியக்காலேருந்து அசையவே இல்லங்க, சொன்னா நீங்க பயந்துருவீங்கன்னு சொல்லல.

பயந்தேன், இத்தனை நேரம் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி பயந்தேன், ஏறு என்றேன், பாலத்தின் இறக்கத்துக்கு அப்பால் ஆஸ்பத்திரியின் மஞ்சள் சுவர் தெரிந்தது, மிதிக்கிறேன், டிக், நின்றுவிடாதே, டிக், எது கழன்றாலும் கழலட்டும், நீ மட்டும் நின்றுவிடாதே, டிக், நின்றுவிட்டது.

கால் சுற்றுகிறது, சத்தம் இல்லை, திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் மிதிக்கிறேன், என் முதுகில் வளையல் கை வந்து அழுந்துகிறது, என்னங்க, உதைக்குதுங்க, ரெண்டு தடவை, தட்டு கஸ்தூரி, நிறுத்தாத, இன்னும் தட்டு என்றேன், டிக்.