அச்சில் விழுந்த குரல்

பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. அத்தானுக்கு அவள் தர வேண்டியது அவ்வளவுதான். ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா புருஷன்தானே, கண்டும் காணாமலும் விட்டுவிடுவார் என்று நினைத்துத்தான் வாங்கினாள். அவரோ குழாய் வேலைக்காரர். எங்கேயாவது ஒரு சொட்டு ஒழுகினாலும் தூக்கம் வராத மனுஷன்.

அந்தக் காசில் வாங்கின மைக், சலவைக் கடை மாடியில் அவளுடைய ஒலிப்பதிவு அறையில் தொங்கியது. அறை என்றால் பழைய கம்பளியை ஆணியடித்த நாலு சுவர். பேசுகிறவர் கதவு கழற்றின துணி அலமாரிக்குள் போய் நிற்க வேண்டும்.

"நாளைக்குச் சாயங்காலம் காசு வரணும். வரலைன்னா மைக் என் பைக்குள்ள வரும்" என்று அத்தான் வந்து நின்றபோது அவளுக்கு அது காதிலேயே ஏறவில்லை. கால் தரையில் பாவாத குஷியில் இருந்தாள். கம்ப்யூட்டரில் டெம்ப்ளேட் போட அன்றைக்குத்தான் பிடிபட்டிருந்தது.

அதுவரைக்கும் ஆள் வந்தால் எல்லாம் ஆதியிலிருந்து. குரலுக்கு ஒரு டிராக், இசைக்கு ஒரு டிராக், ஹெட்போனில் எவ்வளவு சத்தம், எதிரொலி எவ்வளவு. அவள் கட்டி முடிப்பதற்குள் வந்தவர் கொட்டாவி விட்டே பாதி ஆளாகிவிடுவார். டெம்ப்ளேட் என்பது செங்கல் அச்சு மாதிரி. ஒருதரம் அச்சைச் சரியாகச் செய்துவிட்டால் போதும். அப்புறம் மண்ணைக் கொட்டு, தட்டு, எடு.

"அத்தான், உள்ள போய் நில்லுங்க. சத்தம் எப்படி ஏறுதுன்னு பாக்கணும், எதையாவது பேசுங்க."

"எதையாவதுன்னா?"

"மனசுல இருக்கறதை."

மனசில் இருந்தது ஒன்றுதானே! காலி டிரம்மைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி கிளம்பியது குரல். "ஏ மச்சினி! எங்க என் காசு? இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்காத. வா, வந்து எடுத்து வை!"

"அபாரம்!" என்று கைதட்டிவிட்டு, அதே வேகத்தில் சேமிப்பு பட்டனை அழுத்தினாள்.

மறுநாள் மத்தியானம் மேசை நாற்காலிக் கடைக்காரம்மா வந்தார். ஆறு விளம்பரம், தன் சொந்தக் குரலிலேயே. இந்த வேலை கையில் விழுந்தால் மைக் தங்கும், இல்லையென்றால் போச்சு. அவள் புதுப் பதிவு திறந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் தயார்.

"அதுக்குள்ளயா? போன இடத்துல அரை நாள் உக்கார வச்சாங்க" என்றார் கடைக்காரம்மா, அலமாரிக்குள் நுழைந்தபடி.

அவளுக்குத் தலை கூரையைத் தொட்டது. பதிவைத் தொடங்கினாள். உடனே கடைக்காரம்மா ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"யாருய்யா அது? நான் யாருக்கும் கடன் வைக்கலையே!"

"மன்னிச்சுக்கங்கம்மா, பழசு ஏதோ கலந்துடுச்சு." மூடினாள். இன்னொரு புதுப் பதிவு திறந்தாள். 'ஏ மச்சினி! எங்க என் காசு?' மறுபடியும் மூடித் திறந்தாள். ஸ்பீக்கரில் அத்தான் அசையவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நேற்று அவள் திறந்தது அச்சிலிருந்து வார்த்த புதுப் பதிவை அல்ல, அச்சையே. அதிலேயே அத்தானைப் பேச வைத்துச் சேமித்துவிட்டாள். ஈர அச்சில் கால் வைத்தாயிற்று; இனிமேல் எத்தனை செங்கல் வார்த்தாலும் அதே கால்தடம்.

நிமிர்ந்து பார்த்தால், கடைக்காரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"இன்னொரு தரம் போடும்மா. இந்த ஆள் 'வா'ன்னா எனக்கே எந்திரிச்சுப் போகணும்போல இருக்கு. என் குரல்ல கூப்பிட்டா எவன் கடைக்கு வருவான்? யார் இது?"

பதில் படியேறி வந்தது, சாயங்காலம் வரைக்கும் பொறுக்காமல், கையில் காலிப் பையோடு. "எங்க மைக்?" என்றார் அத்தான்.

"இவரேதான்!" கடைக்காரம்மா துள்ளினார். "ஆறு விளம்பரமும் இவர் குரல்தான். பதிவோட சேர்த்து எவ்வளவு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். அவர் நாக்கில் மாசக்கணக்காகக் குடியிருந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான்.

"பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது!"

"சரி."

அத்தான் கையிலிருந்த பையைக் கீழே போட்டார். "பேசறதுக்கா காசு? இத்தனை வருஷமா ஊரெல்லாம் சும்மாவே பேசிட்டேனே!"

ஆறையும் ஒரே மூச்சில் முழங்கித் தள்ளினார். கடைக்காரம்மா பணத்தை மேசையில் வைத்து, அடுத்த மாசமும் வருவேன் என்று சொல்லி இறங்கிப் போனார்.

அவள் அதை அப்படியே அத்தான் பக்கம் தள்ளினாள். "தீர்ந்ததா?"

"பேசினவன் நான். என் காசை வச்சே உன் கடனை அடைக்கிறியா?" மோவாயைச் சொறிந்தார். "போகட்டும். அச்சு உன்னுது, வாய் என்னுது. தீர்ந்துச்சு. ச்சே, கொஞ்சம் கூடக் கேட்டிருக்கலாம்."

"மைக்?"

"அடுத்த மாசம் நான் எதுல பேசறதாம்? அங்கயே தொங்கட்டும்."

அவள் அச்சைத் திறந்து, அத்தானின் குரலை மட்டும் அழித்து, சேமித்தாள். பிறகு புதுப் பதிவு ஒன்றைத் திறந்து ஓடவிட்டாள். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

காசு கேட்க யாருமில்லை.