போடியார் வீட்டில் கை நனைத்த கதை

கல்முனைக்குடியில் முனவ்வறாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை என்பார்கள். அந்த முனவ்வறா நான்தான். ஆனால் எண்பத்திரண்டாம் ஆண்டு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து என் இடது காலின் சின்ன விரலை எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வருடம் பெருவிரலில் புண். "சோறு, சீனி, கிழங்கு மூன்றையும் விட்டால் கால் நிற்கும். இல்லாவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டும்" என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். விட்டேன். இரண்டு மாதமாக ஒரு பருக்கை தொடவில்லை. புண்ணும் காயத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து என் மகன் றஊபுக்குச் சம்மாந்துறையில் சம்பந்தம் பொருந்தி வந்தது. பெரிய வயல்காரப் போடியார் வீடு, இருபது ஏக்கர். பெண் நஸீறாவை அவனுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நான் போய் அந்த வீட்டில் கை நனைத்தால் பேச்சு முடிந்த மாதிரி. நனைக்காமல் எழும்பினால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

"ஒரு நாளைக்குத்தானே உம்மா. ஒரு பிடி தின்டா என்ன?" என்றான் றஊப்.

"ஒரு பிடி, ஒரு பிடி எண்டுதான்டா உன்ட பெரியம்மா றாஹிலா காலும் இல்லாம மௌத்தாப் போனா! கலியாணம் முடிஞ்சா எங்கட வழக்கப்படி நீ பொண்டாட்டி வீட்ட போயிருவாய். என்னை ஆர்றா தூக்கித் திரியிற?"

நான் சும்மா இருக்கவில்லை. புதன்கிழமையே கலியாணத் தரகர் ஷரிபுதீனைக் கூப்பிட்டு, நான் சோறு தின்ன மாட்டேன் என்று அந்த வீட்டில் முன்கூட்டியே சொல்லச் சொன்னேன். ஞாயிறு காலை இரண்டு முட்டையும் முருங்கை இலையை வதக்கிய சுண்டலும் வயிறு நிறையத் தின்றேன். பசியோடு போனால்தானே மனம் தடுமாறும். பொரித்த கீரி மீனையும் மீதிச் சுண்டலையும் மூடி போட்ட ஒரு தகரப் பேணியில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அங்கே பெண்கள் ஆறு பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் பெரிய சஹன் வந்தது. ஆறு பேருக்கும் அந்த ஒரே தட்டுத்தான். நெய்ச்சோறு ஆவி பறக்க, மேலே இறைச்சி.

"சோத்துல நீங்க கொஞ்சம் பாத்துத்தான் தின்பீங்களாமே, ஷரிபுதீன் காக்கா சொன்னார். அதுதான் புது நெல்லுல நல்ல சம்பாவாப் பாத்துக் குத்தினன்" என்றாள் பெண்ணின் உம்மா றபீக்கா.

நாசமாய்ப் போன மனிசன்! போடியார் வீட்டில் சோறு வேண்டாம் என்று சொல்லப் பயந்து மென்று விழுங்கியிருக்கிறான். பொய் சொல்ல மாட்டேன், அந்த வாசத்துக்கு எனக்கு எச்சில் ஊறியது. அழுகையும் வந்தது.

"கோவிக்காதீங்க மதினி. எனக்குச் சீனி வருத்தம். சோறு தின்ன மாட்டன்."

"ஒரு பிடிதானே!" என்று அவள் சோற்றை உருட்டி என் வாய்க்கே கொண்டுவந்தாள். நான் முகத்தைத் திருப்பினேன். சோறு பாயில் விழுந்தது.

"அல்லாவே!" அவள் முகம் கறுத்துப் போனது. "எங்கட வயல் சோறு புடிக்கல்ல எண்டா எங்கட புள்ளையும் புடிக்கல்லத்தானே?" என்று எழும்பினாள். திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களோடு இருந்த றஊபுக்கும் இது கேட்டிருக்கும்.

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம்! சஹனை என் பக்கம் இழுத்தேன். சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கி, பேணியைத் திறந்து மீனையும் சுண்டலையும் நடுவில் கொட்டினேன்.

"ஒரே சஹன்ல ஒண்டாத் தின்டாச் சம்பந்தம்தானே மதினி? இது ஒங்கட சஹன். நான் தின்னப் போறன். நீங்க இதுல கை வெக்கல்ல எண்டா, சம்பந்தம் வேணாமெண்டு சொன்னது நீங்க, நான் இல்ல."

பிஸ்மில்லாஹ் சொல்லி மீனைப் பிய்த்தேன். பெற்ற பிள்ளையின் ஆசையை நானே கெடுத்துவிட்டேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. பாதி மீன் முடிந்தும் அவள் நின்றபடியே பார்த்தாள்.

பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். மூன்று விரலால் சுண்டலைக் கிள்ளி வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள்.

"உப்புக் காணாது" என்றாள்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அதற்காக விட்டுவிடுவேனா?

"அப்ப கலியாணத்தண்டைக்கு உப்புப் போட்டு நீங்களே ஆக்கி வெய்ங்க மதினி. நான் இனிப் பேணி தூக்கிக்கிட்டு வர மாட்டன்."