உள்ளே துணி விட வேண்டாம்

மேஜைமேல் விரித்த கவுனை அந்தம்மா உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டு, "இதே அளவு. உள்ள துணி விட வேணாம்," என்றாள்.

டேப்பை எடுக்க நீட்டிய கையைத் தையல்காரி இழுத்துக்கொண்டாள். குழந்தைத் துணிக்கு உள்ளே நாலு விரல் மடித்து விடாத தையல்காரி உலகத்தில் உண்டா? பிள்ளைகள் கிடுகிடுவென்று வளரும். மடிப்பைப் பிரித்துவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும். வேண்டாம் என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. இந்த அம்மா மட்டும் ஆறு மாதத்துக்கு முன்னும் சொன்னாள், இதே நாற்காலியில், இதே தணிந்த குரலில்.

அப்போது அளவுக்குக் கொடுத்தது ஒரு பையனின் சட்டை. தெருவே தையல்காரியை 'நாளைக்கு அக்கா' என்றுதான் கூப்பிடும். சொன்ன தேதிக்குத் துணி கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. அந்த மாதம் பார்த்து யாரோ மூஞ்சிக்கு நேரே கேட்டுவிட, ரோஷம் வந்து, எல்லாவற்றையும் சொன்ன நாளில் கொடுப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டையையும் அப்படியே கொடுத்தாள். நாலாம் நாள், எதிர்வரிசையில் கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகன் காய்ச்சலில் போய்விட்டான். துக்கத்துக்குப் போனவள் பார்த்தாள்: பையன் உடம்பில் இருந்தது அவள் தைத்த சட்டை. பித்தானைப் பெருக்கல் குறி போட்டுத் தைப்பது அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். "யார் குடுத்ததுன்னே தெரியலம்மா. கட்டில்ல இருந்துச்சு. போட்டுப் பாத்தான், அவ்ளோ கச்சிதம்," என்றார் அந்த மனிதர். அன்றிலிருந்து 'கச்சிதம்' என்ற அந்தச் சொல் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

இப்போது டேப்பை எடுத்துக் கவுனை அளந்தாள். மார்பு இருபத்தாறு. தோளிலிருந்து முழங்கால் வரை முப்பத்திரண்டு. இடது தோள் வலதைவிடக் கால் அங்குலம் இறக்கம். தன் மகளின் அளவு எழுதிய நோட்டைப் புரட்டவே தேவையில்லை. புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டாதே என்று தினமும் தொண்டை வறளக் கத்துகிறாள், மகள் கேட்டால்தானே.

"யாருக்கும்மா இது?"

"பிள்ளைக்குத்தான்."

முடியாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? தெருமுனைத் தையல்காரரிடம் போவாள். அந்த மனுஷன் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாடியே இஸ்திரி போட்டுக் கொடுக்கிற பாவி.

"புதன்கிழமை வாங்க," என்றாள்.

புதன்கிழமை ஊசி உடைந்திருந்தது. அடுத்த புதன் மெஷின் பெல்ட் அறுந்திருந்தது. அதற்கடுத்த புதன் நிறத்துக்கேற்ற நூல் கிடைக்கவில்லை. பிறகு ஜலதோஷம், பிறகு மின்வெட்டு. இத்தனை வருஷம் ஊரிடம் வாங்கிய வசவெல்லாம் இதற்குத்தான் பழக்கிவிட்டதோ என்று அவளுக்கே ஒருநாள் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தம்மா ஒருமுறைகூட வையவில்லை, வைதிருந்தால் தேவலாம். "பரவால்ல, எனக்கு அவசரமில்ல," என்று எழுந்து போவாள். அவள் போன பிறகும் அந்த நாற்காலி வெகுநேரம் ஜில்லென்று இருக்கும்.

தையல்காரிக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. கச்சிதமாக இருந்ததால்தானே அந்தப் பையன் போட்டுக்கொண்டான். மகள் இந்த அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டால், கவுன் அவளுக்குப் பற்றாது. அப்புறம் யார் என்ன செய்ய முடியும்? முட்டையும் பாலுமாக ஊட்டினாள். தினமும் சுவரோடு நிறுத்தி அளந்தாள்.

"நேத்துதானேம்மா அளந்தே. பேசாம புடலங்காய்க்குக் கட்டுற மாதிரி கால்ல ஒரு கல்லக் கட்டிவிடு," என்றாள் மகள்.

நாத்தனாரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையில் பாதி வேலை அவளுடையதுதான். துணியும் வெட்டுவாள், மெஷினும் ஓட்டுவாள். சொன்னால் சிரிப்பாள். சிரிக்காமல் நம்பிவிட்டால் அதைவிடப் பயம்.

பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை, மகளின் தோளிலிருந்து முழங்காலுக்கு டேப் முப்பத்திரண்டரை காட்டியது. மார்பு இருபத்தாறரை. மூன்று முறை அளந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நோட்டில் மகளின் பக்கத்தைத் திறந்து பழைய எண்களை அடித்துவிட்டு, புது எண்களைச் சிவப்புப் பேனாவால் பெரிது பெரிதாக எழுதினாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையே நூலும் லைனிங்கும் வாங்கக் கிளம்பிப் போனவள் நாலு மணிக்குத்தான் திரும்பினாள். இனிமேல் பழைய அளவிலேயே தைத்துக் கொடுத்துவிட்டு அந்தம்மா முகத்தில் தைரியமாக விழிக்கலாம். அலமாரியில் அந்தம்மா தைக்கக் கொடுத்திருந்த துணியைக் காணோம். அளவுக் கவுன் மட்டும் மேஜைமேல் மடித்து வைத்திருந்தது.

"அந்தத் துணி எங்க?"

"முடிச்சாச்சு அண்ணி," என்றாள் நாத்தனார் நூலைப் பல்லில் கடித்தபடி. "பாவம், எத்தனை வாரமா நடக்குறாங்க, எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அந்தம்மாவ உக்கார வச்சே தச்சுக் குடுத்துட்டேன். இப்பத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

போனால் போகட்டும், பழைய அளவுதானே. "இந்தக் கவுன வச்சுத்தானே வெட்டினே?"

"அதெப்படி? பதினோரு வாரத்துல பிள்ளை வளந்திருக்காதா? பாத்தா இந்தக் கவுன் அச்சு அசல் நம்ம பாப்பாவோட பழைய அளவு, தோள் இறக்கம்கூட அதே. எங்க பாப்பாவோட இப்போதைய அளவுக்கே வச்சிடட்டுமான்னு கேட்டேன். சரியா இருக்கும்னாங்க. நல்லவேளை, நேத்துதான் நோட்டுல புதுசா எழுதி வச்சிருந்தீங்க."

"உள்ள துணி..."

"விடல அண்ணி. அதான் வேணாம்னு சொல்லியிருக்காங்களே."

வெளியே பள்ளி வேன் வந்து நின்றது. மகள் இறங்கினாள், பை ஒரே தோளில். தையல்காரி மேஜையிலிருந்த பிளேடை எடுத்துக்கொண்டு ஓடினாள். நடுத்தெருவில் மகள் முன்னால் மண்டி போட்டு, சீருடையின் கீழ் ஓரத்தைத் திருப்பி, போன வருஷம் தன் கையால் விட்ட நாலு விரல் மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றே? எல்லாரும் பாக்குறாங்க."

"அசையாதே. நீ இன்னும் வளரணும்."

நூல் நூலாக அறுந்தது. மடிப்பு இறங்கி, வெயில் படாத துணி கருநீலமாக முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அதை நீவி இறக்கிய விரல்கள் மகளின் காலில் பட்டன. கால் காய்ச்சலில் கொதித்தது. அவள் அடுத்த தையலைப் பிரித்தாள்.